ஆஃப் ராம்ப் என்றால் என்ன? நாலுவழிச் சாலையில் இறங்குவதும் வம்பில் இறங்கி வருவதும்

கேள்வி இதுதான்: வெளிநாட்டுச் செய்திகளில் "ரஷ்யாவுக்கு ஒரு ஆஃப் ராம்ப் கொடுக்க வேண்டும்" என்று எழுதுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் சாய்வுப் பாதை என்று இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம், நம்ம மதுரை - கன்னியாகுமரி நாலுவழிச் சாலையில் அப்படி ஏதாவது உண்டா, தமிழில் இதை எப்படிச் சொல்வது?

வேகமாகப் போகிற வண்டி, நடுச்சாலையில் நிற்காமல், பின்னால் வருகிறவனைத் தடுமாற வைக்காமல், படிப்படியாக வேகத்தைக் குறைத்து வேறொரு சாலைக்கு மாறுவதற்காகப் போட்ட தனிப்பாதைதான் ஆஃப் ராம்ப். பேச்சில் வரும்போது, வீறாப்பாகப் பேசி மாட்டிக்கொண்ட ஒருவர் மானம் போகாமல் நிதானத்துக்கு வர அமைத்துக் கொடுக்கிற வழி. இரண்டுக்கும் உயிர்நாடி ஒன்றே: வேகம் குறைவதற்கு வேண்டிய நீளம். இதைப் பிடித்துக்கொண்டால் எங்கே அந்தச் சொல் பொருந்தும், எங்கே சும்மா அலங்காரத்துக்குப் போடுகிறார்கள் என்பது தானாக விளங்கும். அதனால் முதலில் சாலையைப் பார்த்துவிடலாம்.

மணிக்கு 100 கி.மீ. என்றால் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். ஓட்டுநர் ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்கு 2.5 நொடி என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள்ளேயே 70 மீட்டர் போயாச்சு. பிறகு, உள்ளே இருப்பவர்கள் முன்னால் சரியாத அளவுக்கு மெதுவாகப் பிரேக் பிடித்து 100லிருந்து 40க்கு வர இன்னும் 160 மீட்டர் வேண்டும். அழுத்திப் பிடித்தால் இதில் பாதியில் வந்துவிடலாம்தான். உங்கள் காரால் முடியும். பின்னால் சரக்கோடு வருகிற பத்துச் சக்கர லாரியால் முடியாது. முறையான ராம்ப்பில் இந்த 160 மீட்டர் முழுவதும் பிரதான சாலைக்கு வெளியே, தனித் தடத்தில் கிடைக்கும். அப்படிக் கிடைத்தால்தான் பின்னால் வருகிறவனுக்கு உங்கள் பிரேக் விளக்கு ஒரு பிரச்சினையே இல்லை.

ஏன் 40 வரை குறைக்க வேண்டும்? அடுத்து வளைவு இருக்கிறது. சாலையின் உட்சாய்வும் டயரின் பிடிப்பும் சேர்ந்து தாங்குகிற அளவைக் கணக்கில் எடுத்தால், 40 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 57 மீட்டர் ஆரமுள்ள வளைவு போதும். 60 என்றால் 130 மீட்டர் ஆரம் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு ஏறும்போது வெளிப்பக்கம் தள்ளும் விசை இரண்டேகால் மடங்கு ஏறிவிடுகிறது. களக்காட்டு வாழைத்தார் லோடு, வைக்கோல் லோடு போன்ற உயரமான பாரங்கள் ராம்ப் வளைவில் கவிழ்வது இதனால்தான். டேங்கர் லாரி பாதி நிரம்பியிருந்தால் இன்னும் மோசம். உள்ளே திரவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகும் வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு வில்லங்கம் கண்ணில் இருக்கிறது. கயத்தாறிலிருந்து அரை மணி நேரம் 100ல் வந்தவருக்கு 60 என்பது ஊர்கிற மாதிரித் தோன்றும். "குறைச்சிட்டேன்" என்று நினைப்பார், முள் 70ல் நிற்கும். ராம்ப்பில் இறங்கும்போது உடம்பின் உணர்வை நம்பாமல் ஸ்பீடோமீட்டரை ஒரு தடவை பார்க்கச் சொல்வது அதற்காகத்தான்.

ராம்ப்பில் பிரதான சாலையும் பிரியும் தடமும் விலகும் இடத்தில் தரையில் வெள்ளைக் கோடுகள் போட்ட முக்கோணம் ஒன்று இருக்கும். அதன் நுனியில்தான் தடுப்போ பலகைக் கம்பமோ நிற்கும். அந்த முக்கோணம் யாரும் ஓட்டுவதற்கோ நிற்பதற்கோ உள்ள இடம் கிடையாது. கடைசி நேரத்தில் "இதானே நம்ம வழி" என்று ஸ்டியரிங்கை வெட்டுகிறவர்களும், வண்டியை அங்கே நிறுத்தி செல்போனில் மேப் பார்க்கிறவர்களும், தவறவிட்டு ரிவர்ஸ் எடுக்கிறவர்களும் கூடுகிற இடம் அதுதான். மூன்றில் ரிவர்ஸ் எடுப்பதுதான் ஆகக் கெட்டது. பின்னால் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் வருகிறவனுக்கு, முன்னால் இருக்கிற கார் பின்னோக்கி வருகிறது என்று மூளையில் பதிவதற்கே இரண்டு நொடி ஆகும்.

இப்போது நம்ம திருநெல்வேலிக்கு வருவோம். தேசிய நெடுஞ்சாலை 44 (நம்ம பக்கத்தில் பழைய 7) ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை போகிறது. மதுரையிலிருந்து வருகிறவருக்கு தாழையூத்து தாண்டியதும் பழைய சாலை தச்சநல்லூர் வழியாக ஊருக்குள் பிரியும். நாலுவழிச் சாலை கிழக்கே சுற்றிக்கொண்டு போகும். கே.டி.சி. நகரில் தூத்துக்குடி சாலையை மேம்பாலம் வைத்துச் சந்திக்கிறது. பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ போகிறவர் அங்கே இறங்க வேண்டும். அடுத்து ரெட்டியார்பட்டி. அங்கே பிரிந்தால் என்.ஜி.ஓ. காலனி வழியாக வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டு. அதற்கும் தெற்கே பொன்னாக்குடி, சேரன்மகாதேவி பக்கம் போகிறவர்களுக்கு. பிறகு நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி, காவல்கிணறு.

இவற்றில் பெரும்பாலானவை மேலே சொன்ன இலக்கணப்படியான ராம்ப் இல்லை. சென்னை கத்திப்பாராவிலோ மதுரவாயலிலோ பார்க்கிற வளைய ராம்ப் இங்கே கிடையாது. நம்மிடம் இருப்பது சர்வீஸ் ரோட்டுக்குள் நுழைகிற ஒரு வாய். நாலுவழிச் சாலையின் ஓரத் தடுப்பில் ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள், அதற்குள் நுழைந்து, பாலம் வரை சர்வீஸ் ரோட்டில் போய், அடியில் வலதுபுறம் திரும்பிக் கடக்க வேண்டும். வேகம் குறைக்க 160 மீட்டர் தனித்தடம் வேண்டிய இடத்தில் அதில் சின்னப் பங்குதான் கிடைக்கும். மீதி வேகத்தைப் பிரதான தடத்திலேயே குறைக்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் "தனித்தடத்துக்குள் போன பிறகு பிரேக் பிடி" என்று இருப்பதை இங்கே அப்படியே செய்தால் சர்வீஸ் ரோட்டுக் கடைக்குள்தான் போய் நிற்க வேண்டும்.

அதனால் நம்ம சாலையில் செய்ய வேண்டியது கொஞ்சம் வேறு. இறங்கும் ஊர்ப் பெயர் பச்சைப் பலகையில் முதல் தடவை வரும்போதே இடது தடத்துக்கு வந்துவிட வேண்டும். கடைசி அரை கிலோமீட்டரில் எந்த லாரியையும் முந்தக் கூடாது. முந்தினால் பிரிகிற இடத்தில் லாரிக்கு முன்னால் குறுக்கே வெட்ட வேண்டிவரும், இல்லையென்றால் நீங்கள் நுழைய வேண்டிய வாயை லாரி மறைத்துவிடும். 400 மீட்டர் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு எஞ்சினே இழுத்துக் குறைக்கட்டும். 300 மீட்டரில் இடது இண்டிகேட்டர். அது 100 கி.மீ. வேகத்தில் 11 நொடிக்கு வரும், பின்னால் இருப்பவருக்குப் போதும். பிரேக்கை இரண்டு தடவை லேசாகத் தொட்டு விளக்கை மின்னவிட்டு, பிறகு ஒழுங்காகப் பிடியுங்கள். இடது கண்ணாடியை இன்னொரு தடவை பாருங்கள், ஓரத்தில் பைக் ஒன்று உங்களுக்கு இணையாக வந்துகொண்டிருக்கும். மூன்றாவது கியரில் வாய்க்குள் நுழையுங்கள்.

நுழைந்ததும் எதிரே ஆள் வருவான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரோடு பல இடங்களில் இருவழியாகவே ஓடுகிறது, ஒருவழி என்று பலகை இருந்தாலும் பைக்காரர் படிப்பதில்லை. அவர் ஏன் ராங் சைடில் வருகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். வயலுக்குப் போகிறவருக்கு நேர் எதிரே 200 மீட்டரில் வேலை. சட்டப்படி போனால் அடுத்த பாலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். பாலம் எங்கே வைக்கிறோம் என்பதை முடிவு செய்யும்போதே ராங் சைடில் எத்தனை பேர் வருவார்கள் என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. ஆனால் சட்டம் அதை ஏற்காது. மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு எதிர்த்திசையில் ஓட்டுவதும் அபாயகரமாக ஓட்டுவதில் சேரும். முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

சர்வீஸ் ரோட்டுக்குள் நுழைகிற அந்த வாயில் மணல் சேர்ந்திருக்கும். டூவீலருக்கு அதுதான் எமன். மணலில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், அதற்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும். முன்னால் போகிற வண்டியின் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பணகுடிக்குத் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. லாரியின் மறைவில் வந்துகொண்டிருந்த பைக், பிரியும் இடத்தில் மறைவை விட்டு வெளியே வந்த கணத்தில் ஒரு அடியாவது பக்கவாட்டில் தள்ளப்படும். அந்தப் பகுதியில் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் முன்னால் போனால் பின்னாலேயே பொறுமையாகப் போவது உத்தமம். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தச் சாமான் திரும்புவதற்கு எதிர்த் தடத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும்.

காவல்கிணறை மட்டும் தனியாக நினைவில் வையுங்கள். அது ஊர் விலக்கு இல்லை, நெடுஞ்சாலையே பிரிகிற இடம். 44 தெற்கே கன்னியாகுமரிக்கு, 944 மேற்கே நாகர்கோவிலுக்கு.

தவறவிட்டால்? போய்க்கொண்டே இருங்கள். கே.டி.சி. நகரை விட்டால் ரெட்டியார்பட்டி, அதையும் விட்டால் பொன்னாக்குடி. அதையும் தாண்டி நாங்குநேரி டோல்கேட் வரை போய்விட்டால்கூட, 24 மணி நேரத்துக்குள் திரும்பி வந்தால் போக வரச் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான். பம்பரின் விலையோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை.

சரி, பேச்சு வழக்கு. அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ராம்ப் என்பதால் அங்கே இந்த உவமை சாதாரணமாகப் பேச்சுக்குள் வந்துவிட்டது. 2022 அக்டோபரில் அப்போதைய அமெரிக்க அதிபர் பைடன், புடினுக்கு ஆஃப் ராம்ப் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பதாகப் பேசினார். அதன் பொருள் "புடின் எப்படித் தோற்பார்" என்பதில்லை. படையை இறக்கி, மிரட்டி, இவ்வளவு தூரம் வந்த ஒருவர், சொந்த நாட்டில் முகத்தைக் காட்டக்கூடிய நிலையில் எந்த இடத்தில் வேகம் குறைப்பார் என்பதுதான்.

இதற்கு ஒழுங்கான உதாரணம் 1962 அக்டோபர் கியூபா ஏவுகணை நெருக்கடி. சோவியத் யூனியன் கியூபாவில் ஏவுகணைகளை வைத்ததால் கடல் வழியை அடைத்தபோது, அமெரிக்க அதிபர் கென்னடி அதற்கு முற்றுகை என்று பெயர் வைக்கவில்லை. முற்றுகை என்றால் போர்ச் செயல் ஆகிவிடும். குவாரன்டைன் என்றார். சோவியத் கப்பல்களுக்கு நடுக்கடலில் யோசிக்க நேரம் கிடைத்தது. அக்டோபர் 28ல் சோவியத் தலைவர் குருசேவ் ஏவுகணைகளை எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். பதிலுக்கு கியூபாவின் மேல் படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்கா வெளிப்படையாகச் சொன்னது. துருக்கியில் இருந்த தன் ஜூப்பிட்டர் ஏவுகணைகளையும் எடுத்துவிடுவதாக ரகசியமாக ஒப்புக்கொண்டு, 1963 ஏப்ரலுக்குள் எடுத்தும்விட்டது. வேகம் குறைக்க நீளம், போய்ச் சேர ஒரு இடம் இரண்டும் இருந்தன. ஆனால் துருக்கி விஷயம் ரகசியம் என்பதால் குருசேவால் அதைத் தன் ஆட்களிடம் வெற்றியாகக் காட்ட முடியவில்லை. ராம்ப் இருந்தது, பலகை இல்லை. 1964ல் அவரைப் பதவியிலிருந்து இறக்கியபோது சொன்ன குறைகளில் கியூபாவும் ஒன்று.

இது மேல்நாட்டு ராஜதந்திரம் மட்டுமில்லை. நம்ம ஊரில் அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்றால் நடுவில் பேசுகிற பெரியவர் என்ன சொல்வார்? "அண்ணாச்சி, உங்க நெலம் எங்கயும் ஓடிப்போவாது. கோயில் கொடை முடியட்டும். சர்வேயர வரச்சொல்லி ரெண்டு பேரு பங்கையும் அளந்திருவோம். கல்லு எங்க விழுதோ அங்க நட்டுக்கிடுவோம்." இதைப் பிரித்துப் பாருங்கள். கொடை முடிகிற வரை என்பது வேகம் குறையும் தூரம். ரெண்டு பேர் பங்கையும் என்பதால் யாரும் தனியாகக் குற்றவாளி ஆகவில்லை. சர்வேயரும் எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடமும் முடிவு சொல்வதால் அண்ணன் தம்பிக்குப் பணிந்தான், தம்பி அண்ணனுக்குப் பணிந்தான் என்ற பேச்சு எழாது. கல் என்பது போய்ச் சேரும் இடம். இதே பெரியவர் பத்துப் பேர் முன்னால் "தப்பு உம்ம மேலதான், மன்னிப்பு கேளும்" என்று ஆரம்பித்திருந்தால் ராம்ப் முடிவில் சுவர் கட்டிய கதைதான். நியாயம் அவர் பக்கமே இருந்தாலும் வண்டி இறங்காது.

சட்டமே கட்டி வைத்திருக்கிற ராம்ப்பும் உண்டு, லோக் அதாலத் என்கிற மக்கள் நீதிமன்றம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி நடப்பது. பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் நடக்கும்போது போய்ப் பார்த்தால் செக் மோசடி, விபத்து இழப்பீடு, வங்கிக் கடன் வழக்குகள் வரிசையாக ஓடும். சமரசமானால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது, கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சமரசமாகவில்லை என்றால் வழக்கு விட்ட இடத்துக்கே திரும்பிப் போகும். இறங்கிப் பார்த்ததால் யாருக்கும் நஷ்டமில்லை என்பதே ஜனங்களை அங்கே வரவைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மேல்முறையீடு இல்லை என்பதால் தொகை, தவணை, தேதி மூன்றையும் கையெழுத்துக்கு முன் எழுத்தில் பார்த்துவிடுங்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நம்மிடம் ஏற்கனவே சொற்கள் இருக்கின்றன, ஆளுக்கொரு குணத்தோடு. ஜகா வாங்குவது, சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது; கேலி கலந்தது. நழுவுவதும் கழன்றுகொள்வதும் பொறுப்பை அடுத்தவன் தலையில் போட்டுவிட்டுப் போவது. கம்பி நீட்டுவது தலைமறைவு. இவை எதிலும் போகிறவனுக்கு மரியாதை மிச்சமில்லை, ஆகவே ஆஃப் ராம்ப்புக்கு ஒத்துவராது. ஒத்துவருவது "இறங்கி வருவது". "ரெண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கி வந்தாங்க" என்று சொன்னால் தெற்கத்திக்காரர் யாருக்கும் விளங்கும். மேலேயிருந்து கீழே வருகிற சாய்வும் அதில் இருக்கிறது. செய்தியில் எழுதுவதாக இருந்தால் "இறங்கி வர வழி விடுவது" அல்லது "கௌரவமாகப் பின்வாங்க வழி" என்று போடலாம். பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடுகிற "விலக்கு" என்ற சொல்லும் எனக்குப் பிடிக்கும், ஆனால் எழுத்தில் அதைப் போட்டால் வாசகர் வரிவிலக்கு என்று எடுத்துக்கொள்வார்.

தப்பாகப் போடுகிற இடங்களும் உண்டு. ஒரு தரப்பு முழுக்கச் சரணடைவதை ஆஃப் ராம்ப் என்று எழுதுவது தவறு, அது பிரதான சாலையில் வைத்த தடுப்பு. கெடு விதிப்பதும் அப்படியே. "24 மணி நேரத்தில் பணிந்துவிடு" என்று மேடையில் அறிவித்தால், இறங்க நினைத்தவரும் இறங்க முடியாது. இறங்கினால் மிரட்டலுக்குப் பயந்தான் என்று ஆகிவிடும். இன்னொன்று, மாட்டிக்கொண்டவரே தனக்கு ராம்ப் போட்டுக்கொள்வது அபூர்வம். 100ல் போகிறவன் ரோடு போட முடியுமா? எதிராளியோ நடுவரோ முன்கூட்டியே போட்டு, பலகையும் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, இளைஞர்கள் கிரிப்டோ பேசும்போது வருகிற ஆஃப் ராம்ப் வேறு. அங்கே அது கிரிப்டோவை விற்று ரூபாயாக வங்கிக் கணக்குக்குக் கொண்டுவரும் வழி. ரூபாயைப் போட்டு வாங்குவது ஆன் ராம்ப். அதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை, வரிப் பிரச்சினை உண்டு. லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதற்கு மேல் செஸ். 2022 ஜூலை 1 முதல் விற்கிற தொகையில் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்தமும் சேர்ந்துகொண்டது. ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது.